பெல்மதுளையில் வாங்கிய வெளிநாட்டுச் சோப்பு

அன்பு மகன் சுதர்சனுக்கு, அம்மா எழுதுவது. ஆண்டவர் உன் வேலையிலும் உறக்கத்திலும் துணையிருப்பாராக. இங்கே அப்பாவும் உன் தங்கை ரோஷானியும் நானும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். உன் தம்பி ரெஜினோல்ட் ஊன்றுகோலோடு நடமாடுகிறான். சுகம் என்று எழுத மனம் ஒப்பவில்லை, அதனால் இவ்வளவோடு விடுகிறேன். போனில் பேசினால், சரிம்மா அழாதீங்க என்று பாதியிலேயே என் வாயை அடைத்துவிடுகிறாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். ரோஷானி பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புவாள், கடைசிவரை வாசி.

நீ அனுப்பிய சினிமாவை ஞாயிறு பூசை முடிந்து வந்து பார்த்தோம். தம்பியோட உக்காந்து பாருங்க, மனசுக்குத் தெம்பா இருக்கும் என்று சொல்லியிருந்தாய். யுத்தத்தில் அடிபட்ட மூன்று சிப்பாய்கள் ஒரு பழைய காரில் ஊருக்குத் திரும்புகிறார்கள். வழியில் ஆற்றில் குளிக்கிறார்கள், பாடுகிறார்கள், சாப்பாட்டுக் கடைக்காரப் பெண் காசு வேண்டாம் என்கிறாள், கடைசியில் ஊரே பாண்ட் வாத்தியத்தோடு வந்து நிற்கிறது. அப்பா பாதியில் எழுந்து வெளியே போய்விட்டார். ரெஜினோல்ட் கண் எடுக்காமல் முழுதும் பார்த்தான். முடிந்ததும், இவ்வளவு தூரம் வந்தானுங்க, ஒருத்தன்கூட கக்கூசுக்குப் போகலையேம்மா என்றான். ரோஷானி சிரித்தாள், பிறகு குசினிக்குள் போய் அழுதாள். உன் தம்பி ஊருக்கு வந்த பாதையைப் பற்றி நீ இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை, வந்து சேர்ந்தானா என்று மட்டும் கேட்டாய். நான் கணக்குப் புத்தகத்தில் நேரத்தோடு எழுதி வைத்திருக்கிறேன், அதைப் பார்த்தே சொல்கிறேன். காலை எட்டேகாலுக்குக் கட்டுநாயக்காவில் வேன் எடுத்தோம். ரஷ்யா யுத்தத்தில் அடிபட்டு ஒன்றாக வந்த மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு வேன். ரெஜினோல்டுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. வரக்காப்பொல ஸப்ரி, லொறி ஓட்டும் வேலை என்று நம்பிப் போனவன், அவனுக்கு இரண்டு கையிலும் விரல்கள் இல்லை. கேகாலை பண்டார முன்பு நம் நாட்டு இராணுவத்தில் இருந்தவர், முதுகெல்லாம் ஷெல் குண்டுத் துண்டு, பின் சீட்டில் குப்புறப் படுத்தே வந்தார். அவர்தான் வழியெல்லாம் சிங்களத்தில் நக்கலடித்துக்கொண்டு வந்தார். எங்க யுத்தத்துல அடிபட்டப்ப ஹெலிகொப்டர் வந்திச்சு, ஆமியோட பெரிய ஐயா பழக்கூடை கொண்டாந்தாரு, இந்த யுத்தத்துல வேன்காரன் ஏசி போடவே யோசிக்கிறான் என்றார். நிட்டம்புவையில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தி, டிரைவர் உன் தம்பியைக் குழந்தை மாதிரித் தூக்கிக்கொண்டு கடைக்குப் பின்னால் போனான். அங்கே இருந்தது குந்தி உட்காரும் கக்கூஸ். ஒற்றைக் காலோடு அவன் எப்படி உட்காருவான்? உள்ளே நான் அவன் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பி நின்றேன், இருபத்தாறு வயதுப் பிள்ளை மகனே. கடைக்காரம்மா அனே பவ் என்று பரிதாபப்பட்டு, என்ன நடந்தது என்று கேட்டாள். மோட்டார் சைக்கிள் விபத்து என்றான் இவன். உடனே பண்டார, அப்ப நாம மூணு பேரும் ஒரே சைக்கிள்லயா போனோம் என்றதும் அவர்கள் மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உன் படத்தில் இருந்ததில் எங்கள் வழியிலும் நடந்தது இந்தச் சிரிப்பு ஒன்றுதான். வரக்காப்பொலவில் ஸப்ரியின் மனைவி நுஹா பிள்ளையோடு வாசலில் நின்றாள். பிள்ளை தகப்பனைப் பார்த்துத் தாயின் பின்னால் ஒளிந்துகொண்டது. ஸப்ரி, தனக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த ஒரு சொக்கலட்டைப் பிள்ளைக்கென்று தின்னாமல் எடுத்து வைத்திருந்தான், பையைத் திறக்க விரல் இல்லை, ரெஜினோல்ட்தான் திறந்து எடுத்துக் கொடுத்தான். பண்டார கேகாலை டவுனுக்கு முன்னாலேயே இறங்கித் த்ரீவீலரில் போய்விட்டார். நொண்டி முடங்களை ஏத்திக்கிட்டு வர்ற வேன்ல என் பொண்டாட்டி என்னயப் பாக்க வேணாம் என்றார்.

அதற்குப் பிறகு நடந்தது என் பாவம். அவிசாவளை தாண்டி இரத்தினபுரிக்கு வரும்போது நீ போன் எடுத்தாய். மெஷின்ல அடிபட்டதுன்னு சொல்லுங்கம்மா, ரோஷானிக்குச் சம்பந்தம் பேசுற நேரம், யுத்தம் கித்தம்னு வெளிய தெரிய வேணாம் என்றாய். நானும் சரி என்றேன். நம் தோட்டத்து வழக்கம் உனக்குத் தெரியும், வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும் அன்றைக்கே பெட்டி திறந்து லயத்து வரிசையில் வீட்டுக்கு இரண்டு சோப்பும் ஒரு பிடி டொஃபியும் கொடுக்க வேண்டும், நீ முதல் லீவில் வந்தபோதும் கொடுத்தோம். உன் தம்பியின் பையில் எக்ஸ்ரே படமும் துணிக்கட்டும்தான் இருந்தன. வெறும் கையோடு போனால் மெஷின் கதையை யார் நம்புவார்கள்? நம் டவுன் கொடகவெலயில் வாங்கினால் தெரிந்துவிடும் என்று பெல்மதுளையில் வேனை நிறுத்தி, சிங்கள எழுத்தோ தமிழ் எழுத்தோ இல்லாத சோப்பாகத் தேடித் தேடி இரண்டு பை நிறைய வாங்கினேன். விலை ஒட்டியிருந்ததையெல்லாம் வேனில் உட்கார்ந்து நகத்தால் சுரண்டினேன். சோப்பைக் காட்டியா என் கால மறைக்கப் போறீங்க என்று ரெஜினோல்ட் கேட்டான். பேசாமல் இருடா என்றேன். பின்னேரம் நான்கு மணிக்கு லயம் முழுதும் வந்து நின்றது, எல்லாருக்கும் கொடுத்தேன், எல்லாரும் முகர்ந்து பார்த்து, வெளிநாட்டு வாசனையே தனி என்றார்கள். மறு ஞாயிறு கோயில் வாசலில் ஃபாதரிடமே மெஷின் விபத்து என்று வாய் கூசாமல் சொன்னேன்.

இப்போது கேள். அடுத்த லயத்து ஜெயம்மாவின் மகன் மெல்வின் வியாழக்கிழமை கொழும்புக்குப் போகிறான், அங்கிருந்து ரஷ்யா. தம்பிக்கு நீ பிடித்துக் கொடுத்த அதே ஏஜென்ட். கேம்ப் குசினியில் சமையல் வேலை என்று மெல்வின் காட்டிய தாளை நான் பார்த்தேன், ரெஜினோல்ட் கையெழுத்து வைத்த தாளும் அதுவும் ஒன்றேதான், அதே மூன்று பக்கம், அதே முத்திரை. கால் போனவனே ரெண்டு பை நெறைய கொண்டாந்தான், கால் உள்ள நான் எவ்வளவு கொண்டாருவேன் என்று அந்தப் பிள்ளை தேயிலை ஸ்டோருப் பக்கம் சொல்லித் திரிந்தானாம். திங்கட்கிழமை ரெஜினோல்டைக் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவன் துணியை அவிழ்த்துக் காலைக் காட்டி, குசினியை நான் கண்ணாலயும் பாக்கலடா, ரெண்டு கிழமை துவக்குப் பிடிச்சுச் சுடக் காட்டிட்டு சண்டைக்கு முன்னுக்கு அனுப்பிட்டானுங்க என்று எல்லாம் சொன்னான். மெல்வின் அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். அத்த, மெஷின்ல போன காலுன்னு கோயில்ல வச்சு நீங்கதானே சொன்னீங்க, அன்னிக்குச் சொன்னது பொய்யா இன்னிக்குச் சொல்றது பொய்யா என்றான். சோப்பு பெல்மதுளையில் வாங்கியது என்றேன், யாரும் நம்பவில்லை. ஜெயம்மா, ஒங்க பிள்ளைங்க மட்டும் வெளிநாடு போகணும், எங்க பிள்ள கொழுந்து மூட்ட தூக்கணுமா அக்கா என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். பிறகுதான் மெல்வின் சொன்னான், உன்னிடமும் கேட்டானாம். எனக்குச் சரியாத் தெரியாது, யோசிச்சுச் செய் என்று நீ சொன்னாயாம். உனக்கா தெரியாது மகனே? உன் தம்பிக்குக் காயம் பட்ட நாளிலேயே உனக்குத் தெரியுமே. எனக்குக்கூடப் பதினேழு நாள் கழித்துத்தானே சொன்னாய்.

நீ கெட்டவன் என்று நான் எழுதவில்லை. தம்பி முன்னேறட்டும் என்று நினைத்துத்தான் அந்த நம்பரைக் கொடுத்தாய், அது ஆண்டவருக்குத் தெரியும். அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டாய், அதையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார், என்னையும் பார்க்கிறார். என் பேச்சுக்கு இனி இந்தத் தோட்டத்தில் மதிப்பில்லை, ரெஜினோல்ட் பேச்சை அவர்கள் பொறாமை என்று தள்ளிவிட்டார்கள். அந்தப் பிள்ளை நம்புவது உன்னை ஒருவனைத்தான். முகம் தெரிகிற மாதிரிப் போன் எடுத்து, என் தம்பியை யுத்தத்துக்கு அனுப்பினது நான்தான், அம்மாவைப் பொய் சொல்ல வச்சதும் நான்தான், நீ போகாதே என்று உன் வாயால் சொல். ரோஷானியின் சம்பந்தத்தை நினைத்துப் பயப்படாதே. மனுஷனோட காலு எங்க போச்சுன்னு கேட்டுட்டு ஓடுற மாப்பிள்ள எனக்கு வேணாம் என்று அவளே சொல்லிவிட்டாள். புதன்கிழமை இரவுச் செபத்துக்குள் நீ பேசவில்லையென்றால், வியாழன் காலையில் நானும் மெல்வின் போகிற பஸ்ஸில் ஏறி, கொழும்பு வரைக்கும் ஆட்கள் முன்னால் உன் பெயரைச் சொல்லிக்கொண்டே போவேன். கண்டக்டர் என்னை இறக்கிவிட்டாலும் சரி.

நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் நிற்கும்போது தண்ணீர் குடிக்க மறக்காதே. மாதாவின் அடைக்கலமும் அம்மா அப்பாவின் ஆசீர்வாதமும் உன்னோடு இருக்கட்டும். பஸ் காலை ஐந்தரைக்கு. தம்பியும் ஒரு வரி எழுதச் சொல்கிறான்: அண்ணா, மெல்வினுக்கு இன்னும் ரெண்டு காலும் இருக்கு.

இப்படிக்கு,
உன் அம்மா
தெரேசம்மா