அமிலத்துக்கு நீலம் அடித்தவனுக்கு

அன்பு மகன் ஹிஷாமுக்கு,

நம் ஊர் தன்தாவிலிருந்து அம்மா எழுதுவது. இறைவன் அருளால் இங்கே எல்லோரும் சுகம், துபாயில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை, மாடிப் புறாக்கள் குஞ்சு பொரித்திருக்கின்றன, தங்கச்சி நிஹாலுக்குப் பொதுத்தேர்வு வருடம் என்பதால் டிவியைத் துணி போட்டு மூடிவிட்டேன், விருந்தாளிகளையும் வர வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. போனில் பேசினால் சிரித்து மழுப்பிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

உன் கம்பெனிக்காக நீ படம் போட்டுக் கொடுத்த அந்த வேதியியல் வீடியோவைத்தான் சொல்கிறேன். வந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை, எதிர்வீட்டு உம்மு வாஹிதைக் கூப்பிட்டுக் காட்டினேன், நிஹால் தன் வகுப்பு முழுவதற்கும் அனுப்பி என் அண்ணன் செய்தது என்று பீற்றிக்கொண்டாள். போன வாரம்தான் அவளோடு உட்கார்ந்து முழுதாகப் பார்த்தேன், சீ என்றாகிவிட்டது. வேதியியல் சுல்தான் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறாரே, பாடம் நடத்தும் அந்த உஸ்தாத், கல்யாண மாப்பிள்ளை போலத் தபலா முழங்க நுழைகிறார், புரிஞ்சுதா சிங்கங்களே என்று கேட்டுவிட்டுப் பிள்ளைகள் யோசிப்பதற்குள் புரிஞ்சிருச்சு என்று அவரே சொல்லிக்கொள்கிறார். சரி, சொல்வதையாவது கேட்கலாம் என்றால் நீ விடுகிறாயா, நாலு மூலையிலிருந்தும் எழுத்து பறந்து வருகிறது, குடுவைக்கு மீசை வைத்து இடுப்பை ஆட்ட விட்டிருக்கிறாய், முக்கியமான இடத்தில் ஒரு பூனை குறுக்கே ஓடுகிறது. எங்கே பார்ப்பது என்றே எனக்குத் தெரியவில்லை. நிஹாலுக்குப் பாட்டு முழுக்க மனப்பாடம், பாடத்தைக் கேட்டால் திருதிருவென்று விழிக்கிறாள்.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். பள்ளிப் பரீட்சையில், அமிலம் பட்டால் லிட்மஸ் தாள் நீலமாகும் என்று எழுதிவிட்டு வந்தாள். திரும்ப ஓட்டிப் பார்த்தோம், உஸ்தாத் வாய் சிவப்பு என்றுதான் சொல்கிறது, உன் படத்தில் தாள் நீலமாகிறது. காதில் விழுந்தது தபலாவோடு போய்விட்டது, கண்ணில் பட்டது நின்றுவிட்டது. அன்று போனில் கேட்டதற்கு என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா? "கம்பெனி கலர் சிவப்பும்மா, பின்னாடி பூரா சிவப்பு. அதுல சிவப்புத் தாளை வச்சா கண்ணுக்கே தெரியாது, அதான் நீலம் அடிச்சேன். யாரு அதையெல்லாம் பார்க்கப் போறா." உன் தங்கச்சி பார்த்தாள்டா. மருந்தியல் படிப்புக்கு ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் உயிரை விடுகிறவள், நீ காட்டியதை அப்படியே நம்பினாள்.

மறுநாள் கர்கதே செம்பருத்திப் பூவை ஊறவைத்து அப்பாவுக்குக் குடிக்கக் கலக்கினாள், வழக்கம்போல எலுமிச்சை பிழிந்ததும் சாறு பளிச்சென்று சிவந்தது. பார்த்துக்கொண்டே நின்றவள், இன்னொரு கிளாஸில் சாறு ஊற்றி ஒரு சிட்டிகை ஆப்பசோடாவைப் போட்டாள், அது நீலம் பாரித்தது. இரண்டையும் தொட்டியில் கொட்டிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். நீயும் அதைக் குடித்து வளர்ந்தவன்தானே, அமிலத்துக்கு நீலம் அடிக்கக் கை கூசவில்லையா உனக்கு?

இன்னும் கேள். அவள் அனுப்பிய வீடியோவைப் பார்த்துப் பாதி வகுப்பு அதே தப்பை எழுதியிருந்தது. டீச்சர் விடைத்தாள்களை மேசையில் போட்டு, இந்தக் குப்பையைச் செய்தது யார் என்று கேட்டாராம். எல்லாத் தலையும் இவள் பக்கம் திரும்பியது. இவள் எழுந்து, "யாரோ தெரியல டீச்சர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். ஊரெல்லாம் என் அண்ணன் என்று சொல்லித் திரிந்த பிள்ளை. கேட்டதிலிருந்து உஸ்தாத் மேல் இருந்த அருவருப்பெல்லாம் இப்போது பெற்ற பிள்ளை மேல் வருகிறது, அதுதான் தாங்கவில்லை.

இறைவன் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல புத்தியையும் தரட்டும், உன் கைவேலை நாலு பேருக்கு உதவட்டும். ஏசி அறையில் தலை ஈரத்தோடு படுக்காதே. தேர்வுக்கு முன்னால் அந்த நிறத்தை மாற்று, முதலாளி கோபித்தாலும் மாற்று, அந்தப் பூனையையும் எடுத்துவிடு. அப்பா சலாம் சொல்லச் சொன்னார். நிஹாலும் சொன்னாள் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் அவள் சொல்லவில்லை.

உன் அம்மா,
இனாயத்