மூச்சை அடக்கிப் பழகியவனுக்கு

என் செல்லத் தடிமாட்டுத் தம்பி சகாயம்,

நீ போன பிறகு இந்த வீட்டில் தமிழ் பேச ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை காரைக்காலுக்குப் போன் போட்டு அம்மாவிடம் பேசுவதோடு சரி. மற்ற நாள்களில் சமைக்கும்போது நானே பேசி நானே பதில் சொல்லிக்கொள்கிறேன். இந்த வெளிநாட்டில், தூ டுக் பகுதியில், எனக்கு அதே அலுவலகம்தான். மெட்ரோ ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது, தெரியுமா? "அது ஓடுறதுக்குள்ள நமக்கு நரைச்சிரும்க்கா" என்று கிண்டலடிப்பாயே. தினமும் அதில்தான் போய் வருகிறேன், தனியாக.

நா ட்ராங் கடலில் அன்று நடந்ததை எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். டைவிங் இறங்கியபோது ஆழத்தில் உனக்கு இழுப்பு வந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு விறுவிறுவென்று மேலே ஏறினாய். உள்ளே மாட்டிய காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிட்டது. ஆஸ்துமா இருப்பதை டைவிங் கூட்டிப்போனவர்களிடம் நீ சொல்லவே இல்லையாம். "மூச்சை அடக்கக் கூடாதுங்கறதுதான் முதல் பாடமே, அதுகூடவா தெரியாது?" என்று உன்னோடு விமான நிலையத்தில் வேலை பார்த்தவர் ஒருவர் என் முகத்துக்கு நேரே கேட்டார். அவரை நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் எனக்கும் உன்மேல் அதே கோபம்தான். ஏன்டா அப்படிச் செய்தாய்?

உன் டைவிங் நண்பர்கள் அதே இடத்தில் இறங்கி உனக்குப் பூப் போடப் போகிறார்கள். நானும் இறங்குகிறேன் என்றேன். உன்னைப் போல மறைக்கவில்லை, எனக்கும் இழுப்பு உண்டு என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். குழாயை வாயில் வைத்து ஊதச் சொன்னார். "சிலிண்டர் காத்து வறண்ட காத்தும்மா. அதுவே இழுப்பைக் கிளப்பிவிடும். இப்போ கட்டுக்குள்ள இருக்கு, முதல்ல குளத்துல இறங்கிப் பாருங்க. கடலை அப்புறம் யோசிப்போம்" என்றார்.

உண்மையைச் சொல்லட்டுமா? எனக்குப் பூவும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். நீ கடைசியாக இருந்த இடத்தில் கொஞ்ச நேரம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். திரும்பி வருவதைப் பற்றி நான் பெரிதாக நினைக்கவே இல்லை.

குளத்தில் சொல்லிக்கொடுத்தவன் பெயர் துவான். என்னை 'சி' என்றுதான் கூப்பிடுவான். இந்த ஊரில் அக்காவுக்கு அதுதானே சொல்.

குளத்தின் அடியில் முட்டி போட்டிருந்தோம். திடீரென்று நெஞ்சு இறுகியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? நன்றாக இழுத்து, அப்படியே அடக்கினேன்.

அம்மா நம் இரண்டு பேரையும் கொண்டுபோய் விட்ட யோகா வகுப்புதான்டா. இழுப்பு வந்தால் பதறாதே, மூச்சை இழுத்து உள்ளே நிறுத்து. பள்ளிக்கூடம் முடிகிறவரை காலையும் மாலையும் அதைத்தானே பழகினோம்? பயந்தபோது உடம்புக்கு வேறு எதுவும் ஞாபகம் வரவில்லை. நான் மேலே பாயப் பார்த்தேன். துவான் தோளைப் பிடித்து அழுத்தி, வாயிலிருந்து கையை வீசி வீசி, விடு, விடு என்று காட்டினான். விட்டேன். மெதுவாக மேலே கூட்டி வந்தான்.

கரையில் உட்கார்ந்து கதறி அழுதேன். பயத்தில் அழுகிறேன் என்று நினைத்து, அவன் துண்டைக் கொண்டுவந்து போர்த்தினான். பயமெல்லாம் இல்லை. உன் கடைசி நிமிடம் எனக்குத் தெரிந்துவிட்டது. நீ கிறுக்குத்தனமாக எதுவும் செய்யவில்லையடா, கண்ணு. பிழைக்க என்ன சொல்லிக் கொடுத்தார்களோ அதைத்தான் செய்தாய். இதை அம்மாவிடம் சொல்லலாமா, வேண்டாமா?

"வீட்ல இழுப்பு வந்தா யாரைக் கூப்பிடுவீங்க, சி?" என்று துவான் கேட்டான். வாய் உன் பெயரைச் சொல்லப் போனது. சட்டென்று மூடிக்கொண்டேன். உண்மையில் நீ போனதிலிருந்து நான் யாரையும் கூப்பிட்டதில்லை. சுவரில் சாய்ந்து அடங்கும்வரை உட்கார்ந்திருப்பேன். அடங்காவிட்டால் போகட்டும் என்று இருந்த நாள்களும் உண்டு.

கடலில் நான் இறங்க மாட்டேன், தம்பி. படகிலிருந்தே பூப் போடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. இனி இழுப்பு வந்தால் மருந்தை உறிஞ்சிக்கொண்டு எதிர்வீட்டு ஹான் அக்காவின் கதவைத் தட்டுவேன். இதுவரை லிஃப்டில் பார்த்துச் சிரித்ததோடு சரி. எனக்கு ஆஸ்துமா என்று நேற்று அவரிடம் சொல்லிவிட்டேன். நீ சொல்லாமல் போனதை நான் சொல்லிக்கொண்டே இருப்பேன். உன்னைத் தேடி வர மாட்டேன், சத்தியம்.

மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்
உன் அக்கா,
ரீத்தா