முதலில் குடும்ப மருத்துவர்

அன்புள்ள வெண்டல்,

இடுப்பு வலி எப்படி இருக்கிறது? "பரவாயில்லை" என்று மட்டும் எழுதாதே. நான் நலம்.

நல்ல செய்தி! உன் ஆபரேஷனுக்குக் காப்பீடு மறுத்தார்களே, இன்று அவர்களோடு போனில் சண்டைக்கே போய்விட்டேன். காப்பீட்டு அலுவலகத்தில் போனை எடுத்த பெண் சிரித்தாள்.

"ஆபரேஷன் வேண்டாம்னு யாருங்க சொன்னாங்க? உங்க வீட்டுக்காரர் குடும்ப டாக்டரைப் பார்க்காம நேரா சர்ஜன்கிட்ட போய் நின்னிருக்கார்!"

"அவர் பிடிவாதக்காரருங்க."

"எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு."

குடும்ப மருத்துவர் எழுதித் தந்தால்தான் இந்தத் திட்டத்தில் சர்ஜனைப் பார்க்க முடியுமாம். கடிதம் கிடைத்ததுமே நம் குடும்ப மருத்துவர் ப்ரூயிட்டிடம் போ. இந்தக் காப்பீட்டுக்காகத்தானே அலாஸ்காவுக்கு ஆசிரியை வேலைக்கு வந்தேன்!

என் பச்சைக் கம்பளிச் சட்டையை அனுப்பு. உன் சட்டை ஒன்றையும் சேர்த்து வை, துவைக்காமல்.

வகுப்பு மணி அடித்துவிட்டது. கோடை விடுமுறைக்கு நான் வரும்போது காரிலேயே உட்கார்ந்திருக்காதே. விமான நிலைய வாசல்வரை நடந்து வா.

உன் மார்லா