நீ வெட்டியது பலாக்காயை மட்டும்தான்

என் ஆசை அம்மா,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். பாதிக் கோபம் அத்தை மேல், மீதி உன் மேல்.

தம்பி பெண்டாட்டி செல்விக்கு வெள்ளிக்கிழமை வளைகாப்பு. பண்டாரவளைக்குப் போய்க் கண்ணாடி வளையல் வாங்கி வந்தேன். பையை இறக்கி வைப்பதற்குள் அத்தை ஆரம்பித்துவிட்டாள். "நீ பின்னுக்கே இரு புள்ள. ஒன் ஒதட்டப் பாத்தா வகுத்துப் புள்ளைக்கும் வந்துரும். ஒங்கம்மா கிரகணத்தன்னிக்குக் கத்தியத் தொட்ட வென போதும்."

நீ போய்ச் சேர்ந்த பிறகும் அந்தக் கத்தியை உன் கையிலிருந்து வாங்க மாட்டேன் என்கிறார்கள்.

அன்று பலாக்காய்க் கறி கேட்டது யார்? அப்பா. மறுசோறு வாங்கித் தின்றது அவர் கூடப்பிறந்த இதே அத்தை. நான் பிளந்த உதட்டோடு பிறந்ததும் வெட்டியவள் மட்டும் குற்றவாளி. "நான்தான் கேட்டேன்" என்று அப்பா ஒரு வார்த்தை சொன்னாரா? அதற்குப் பிறகு நம் தோட்டத்து லயவீடுகளில் எந்த வளைகாப்பிலும் உன்னை முன்னால் நிற்க விடவில்லை. புளிச்சோறு கிளற மட்டும் உன் கை வேண்டியிருந்தது.

போன கிழமை செல்வியோடு பதுளைக்குக் கிளினிக் போனபோது டாக்டரம்மாவிடம் கேட்டேவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. சொன்னதை உனக்குச் சொல்கிறேன், கேள்.

கருவில் முகம் ஒரே துண்டாக வளர்வதில்லையாம். மூக்குப் பக்கமிருந்து ஒரு மேடும் கன்னத்துப் பக்கமிருந்து ஒரு மேடும் வளர்ந்து வந்து தொடுமாம். தொடுகிற இடத்து உயிர்க்கலங்களின் மேல் ஒட்டுப் புரதங்கள் உண்டு. அவை உன் ரவிக்கைக் கொக்கி மாதிரி ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். பிறகு இடையிலுள்ள மெல்லிய தோல் மறைந்து இரண்டும் ஒரே சதையாகிவிடும். அந்தப் பிடி சரியாக விழாவிட்டால் உதடு பிளந்தே நின்றுவிடலாம். எனக்கு எது தவறியது என்று அவருக்கும் தெரியாது. குடும்பத்தில் வரலாம், காரணமே தெரியாமலும் வரலாம் என்றார்.

ஆனால் அம்மா, மேலுதடு கூடுவது இரண்டாம் மாதத்திலேயே முடிந்துவிடுமாம்! கிரகணத்தன்று நடந்ததை நீ எப்படிச் சொல்வாய்? "வகுறு முட்டிக்கிட்டுக் குந்த முடியல, நின்னுக்கிட்டேதான் வெட்டுனேன்." அப்படியென்றால் அன்று என் உதடு ஏற்கெனவே பிளந்துதான் இருந்தது. சாகும்வரை என் தழும்பைத் தடவி "மன்னிச்சுக்க சாமி" என்றாயே, எதற்கு? ஒரு தடவையாவது சண்டை போட்டிருக்கக் கூடாதா?

இதையெல்லாம் அத்தையிடம் சொன்னேன். "படிச்ச திமிரு" என்றாள். செல்விதான் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "மொத வளையல் அண்ணிதான் போடணும். இல்லாட்டி எனக்கு வளைகாப்பே வேணாம்."

முதல் வளையலை உன் பேரில் போடுவேன். பந்தியில் பலாக்காய்க் கறியும் உண்டு. நானே வெட்டி, அத்தை இலையில் நானே பரிமாறுவேன்.

செல்வியின் பிள்ளைக்கும் உதடு பிளந்திருந்தால்? இருக்கட்டும். எனக்குத் தைத்த மாதிரி அதற்கும் தைப்பார்கள். ஆனால் அவளைப் பார்த்து "என்னத்தடி வெட்டுன?" என்று ஒரு வாய் திறக்கட்டும், உனக்காக நான் போடாத சண்டையையும் சேர்த்து அன்றைக்குப் போடுவேன். இது உன் மேல் சத்தியம்.

உன் உதட்டுத் தழும்புக்காரி,
மூத்த மகள்
பூனாகலை