ரயிலடியில் கொடுத்த நோட்டீஸ்

திருப்பதி, 8-2-1957

அன்புள்ள நைனாவுக்கு முனிரத்தினம் வணங்கி எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? நம் ஊர் ஆந்திராவா, சென்னை ராஜ்யமா என்று முடிவானதா?

எங்கள் விடுதிக்கு யாத்ரீகர்களை அழைக்க நோட்டீஸ் எழுதச் சொன்னார் முதலாளியம்மா. “வசதியான அறைகள், சுகாதாரமான உணவு” என்று எழுதினேன்.

“இன்னாப்பா, கோர்ட்டு சம்மன் மாதிரி கீது! நீ பேசற மாதிரி எழுது” என்றார்.

“கால் கழுவிக்கினு வாங்க, சூடா துன்னுங்க” என்று எழுதி ரயிலடியில் கொடுத்தேன். ஒரு பட்டணத்துக் குடும்பம் உரக்கப் படித்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். அவர்கள் வேறு விடுதிக்குப் போய்விட்டார்கள்.

மறுபடி எழுத வேண்டும். இரண்டு நாளாக ஒரு வரியும் வரவில்லை. நம் வீட்டுக்கு வருகிறவர்களை அம்மா எப்படிச் சாப்பிட அழைப்பாளோ, அதைத் திருத்தாமல் எழுதி அனுப்புங்கள். இங்கே என்னை யாரும் அப்படி அழைப்பதில்லை, மறந்துவிட்டது.

தபால்காரர் வந்துவிட்டார்.

உங்கள் மகன்
முனிரத்தினம்