புளியறையில் கழன்ற மாலை

அன்பு மகள் மஞ்சுவுக்கு அம்மா எழுதுவது. குற்றாலநாதர் புண்ணியத்தில் நான் சுகம். சார்ஜாவில் நீயும் மாப்பிள்ளையும் பேரன் ஆதித்தனும் சுகமாயிருக்க தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறேன். உன் அப்பா சுகமா என்பதை இதைப் படித்துவிட்டு நீயே சொல்லு. போனில் சொன்னால் ஒட்டுக்கேட்பார், அதனால்தான் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

மாலை போட்ட மண்டலம் பூராவும் உன் அப்பா சிகரெட்டைத் தொடவில்லை. காலில் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது, புகையை விடாவிட்டால் விரலை எடுக்கவேண்டி வரும் என்று தென்காசி டாக்டர் சொன்னதுக்கு அசையாதவர், ஐயப்பனுக்கு அடங்கிவிட்டார் என்று பூரித்துப்போனேன். மலைக்குப் போய்த் திரும்பினால் மாலையை வீட்டில் வந்துதானே கழற்றணும்? கேரளாவைத் தாண்டினதும் புளியறை டீக்கடையிலேயே கழற்றி வேன் கண்ணாடியில் மாட்டிவிட்டு ஒன்றைப் பற்றவைத்தாராம். என்ன வே, வீடுவரைக்கும் பொறுக்காதா என்று கூடப்போன பலவேசம் அண்ணாச்சி கேட்டதுக்கு, சாமி எல்லையைத் தாண்டியாச்சுல்லா என்றாராம். ஐயப்பனுக்குச் செக்போஸ்ட்டோடு அதிகாரம் முடிந்துபோகும் என்பது எனக்கு இத்தனை நாள் தெரியாமல் போச்சு.

ஆறு மாசம் புகைக்காமல் இருந்தால் சார்ஜாவுக்கு டிக்கெட் அனுப்புதேன்னு நீ சொன்னதைக் கேட்டு ரொம்ப சந்தோஷப்பட்டார், அந்த சந்தோஷத்தில் மாடிக்குப் போய் இரண்டு ஊதினார். ஏட்டி, ஆறு மாசம் கழித்து வருகிற விமானம் அவர் கண்ணுக்குத் தெரியாது, முக்குக்கடை தீப்பெட்டிதான் தெரியும். அதனால் போன வாரம் நான் ஒன்று சொன்னேன், இன்றைக்குப் புகைத்தால் இன்றைக்கு வீடியோ போனில் பேரன் முகம் கிடையாது. முதல் நாள் கோபித்துக்கொண்டு சாப்பிடவில்லை, அந்த விரதத்தில் சிகரெட்டை மட்டும் சேர்க்கவில்லை. மறுநாள் ஏலக்காயை மென்றுகொண்டு வந்தார், சட்டையை மோந்துபார்த்துத் திருப்பி அனுப்பினேன். திங்கட்கிழமையிலிருந்து தொடவில்லை. உன் ஏழு மணி போனுக்கு நாலு மணிக்கே தலைசீவித் திருநீறு பூசி உட்கார்ந்துவிடுகிறார், என்னைப் பெண்பார்க்க வந்தபோதுகூட இப்படிச் சீவவில்லை.

நேற்று வேலை இருக்கிறதென்று நீ கூப்பிடவில்லை. எட்டு மணிவரை பார்த்தார், பிறகு எழுந்து செருப்பை மாட்டினார். வாசலுக்குப் போனவர் நின்று, மஞ்சு நாளைக்குக் கூப்பிடுவாள்லா என்று கேட்டார். கூப்பிடுவா என்று உன்னைக் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டேன். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தார்.

மூன்று பேரும் நீண்ட ஆயுசோடு நல்லா இருங்க. ஏழு மணியை மறந்துவிடாதே, முக்குக்கடைக்காரன் ஒரு நாளும் லீவு போடுவதில்லை.

உன் அம்மா,
வள்ளித்தாய்