நான் இல்லாவிட்டாலும் நடக்கும் வகுப்பு

சங்கரன்கோவில்,
10 நவம்பர் 2024

அன்புத் தம்பி சாம்ராஜுக்கு,

கர்த்தர் கிருபையால் நலம். போன் போட்டால் "மீட்டிங்க்கா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் மெயில்.

பள்ளியில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். கணக்குக்கு நானும் பெத்துராஜ் சாரும் இருக்கிறோம். வருகிற ஜூனில் ஒருவர்தான் என்று தாளாளர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். உன்னைப் படிக்கவைத்த வேலை இது. இதுவும் போனால் சுவரோடுதான் பேசிக்கொண்டிருக்க வேண்டும்.

தீபாவளிக்கு நீ கம்ப்யூட்டரில் ஏற்றித் தந்த ஜியோஜீப்ரா மென்பொருளில் பரவளையம் வரைந்து, பயிற்சித்தாள் அடித்தேன். ஜெராக்ஸ் கடைக்காரர் தாளுக்குள் அடங்கட்டும் என்று படத்தைச் சுருக்கிவிட்டார். பிள்ளைகள் ஸ்கேலை வைத்துப் பார்த்து, "டீச்சர், படத்துல ஒரு சென்டிமீட்டரே குட்டையா இருக்கு!" என்று ஒரே கூச்சல். பெத்துராஜ் சார் வாசலில் நின்று சிரித்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. என்ன செய்ய, சொல்லு மக்கா.

அக்கா

பெங்களூர்,
12 நவம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

அச்சடிக்கும்போது அளவை நூறு சதவீதம் என்று வைக்கச் சொல், அவ்வளவுதான். இதுக்குப் போயா கலங்குவாய்?

ஒரு கோப்பு அனுப்பியிருக்கிறேன். பொத்தானை அழுத்தினால் கேள்வியில் எண்கள் மாறும். வரைபடமும் விடையும் கூடவே மாறும். எல்லாம் இலவச மென்பொருள்தான், பள்ளிக்குச் செலவே இல்லை. நீ வகுப்பில் சொல்லிக்கொடுப்பதைத் தாளின் ஓரத்தில் படிப்படியாக எழுதிவிடு. வருஷம் முழுவதற்கும் செய். பெத்துராஜ் சார் தலைகீழாக நின்றாலும் இது அவரால் முடியாது. தாளாளரிடம், "நான் லீவு போட்டாலும் வகுப்பு நடக்கும் சார்"னு சொல். அசந்துபோவார்.

சாம்

சங்கரன்கோவில்,
8 மார்ச் 2025

அன்புத் தம்பிக்கு,

முடித்துவிட்டேன்லே! கிறிஸ்மஸ் லீவுகூட எடுக்கவில்லை. வரைபடம் என்றாலே நடுங்குகிற காவியா இப்போது தானாகவே இன்னொரு தாள் கேட்கிறாள்.

தாளாளரிடம் காட்டினேன். நீ சொல்லச் சொன்னதை ஒரு எழுத்து பிசகாமல் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். "நல்ல காரியம் டீச்சர். எல்லாத்தையும் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஏத்திருங்க" என்றார். அன்றைக்கே ஏற்றிக் கொடுத்துவிட்டேன். வேலை எனக்குத்தான் என்று மனசு சொல்கிறது.

அக்கா

சங்கரன்கோவில்,
30 ஏப்ரல்

சாம்,

பெத்துராஜ் சார்தான் இருக்கப்போகிறார்.

"நீங்க செஞ்சதெல்லாம் இங்கன கம்ப்யூட்டர்ல இருக்குல்லா டீச்சர்? பெத்துராஜ் சார் கிளாஸை அடக்கி உக்கார வச்சிருவாரு. தாளைக் குடுத்தாப் போதும். நீங்க இல்லாட்டியும் நடக்கும்னு நீங்கதான சொன்னீங்க?" என்று தாளாளர் கேட்கிறார். கோபமாகக்கூட இல்லை, அன்பாகவே கேட்டார்.

அக்கா

பெங்களூர்,
1 மே

அக்கா,

நாளைக்கே போய் அந்தக் கோப்புகளை அழித்துவிடு. அவை உன்னுடையவை. என்ன செய்கிறார்கள் பார்ப்போம். இல்லையென்றால் இங்கே வந்துவிடு, வேறு ஏதாவது வழி பண்ணித் தருகிறேன்.

சாம்

சங்கரன்கோவில்,
15 ஜூன்

சாம்ராஜுக்கு,

புளியங்குடி, கரிவலம் இரண்டு ஊர்ப் பள்ளியிலும் வேலை கேட்டுவிட்டேன். "இந்த வயசுலயா டீச்சர்?" என்கிறார்கள்.

பெத்துராஜ் சார் நேற்று வீட்டுக்கு வந்தார். பாவம், முகமே சரியில்லை. "கோவிச்சுக்கிடாதிய டீச்சர், எண்ணு மாறுததுக்கு எந்தப் பட்டனை அமுக்கணும்?" என்று கேட்டார். காட்டிக் கொடுத்தேன். அழித்துவிட்டால் காவியாவுக்குப் பின்னால் வருகிற பிள்ளைகளுக்கு யார் இருக்கிறார்கள்? அவர் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

நீ நல்லதுக்குத்தான் சொன்னாய், ஏலே. அது எனக்குத் தெரியாதா? ஆனாலும் போனில் உன் பேர் வந்தாலே நெஞ்சு எரிகிறது. கொஞ்ச காலம் கூப்பிடாதே. பெங்களூருக்கும் வரமாட்டேன். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், இனிமேல் எனக்கு எந்த உதவியும் செய்யாதே.

ஞானபூரணம்